ஒரே மாத்திரை, ரெண்டு பேரு

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சிட்டு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க.

2017ல நான் இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். பொள்ளாச்சிப் பக்கத்துல இருந்த அம்மிச்சிக்கு பிரஷர் ஏறிப்போச்சுன்னு ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்த்து, நாலு நாள் கழிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். பத்து நாள்ல கணுக்கால் வீங்கிருச்சு, எந்திரிச்சா கிறுகிறுப்பு. ஒரு நாள் கட்டுத்தறிகிட்ட விழுந்துட்டாங்க.

மெடிக்கல் கடை அண்ணன்தான் மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தார். "ஏனுங், ரெண்டும் ஒண்ணுதானுங்!" அரசு சுகாதார நிலையத்துல வருஷக்கணக்கா வாங்கின அட்டைல 'அம்லோடிபின்'. ஆஸ்பத்திரி கொடுத்த அட்டைல பெருசா கம்பெனி வெச்ச பேரு, கீழ எறும்பு சைஸ்ல அதே அம்லோடிபின். அஞ்சும் அஞ்சும் பத்து மில்லிகிராம். ரெண்டு பக்கமும் கொடுத்தது சரியான மாத்திரைதான். பழைய பட்டியலையும் புதுப் பட்டியலையும் யாருமே ஒண்ணா வெச்சுப் பார்க்கலை.

இந்த ரெண்டு பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு அப்புறம் தோண்டினேன். 1970ல வந்த காப்புரிமைச் சட்டம் மருந்துக்குக் காப்புரிமை தரலை, தயாரிக்கிற முறைக்கு மட்டும்தான் தந்துச்சு. நல்ல சட்டம், விலை இறங்குச்சு. ஆனா ஒரே மருந்தைப் பல கம்பெனிகள் செஞ்சு ஆளுக்கொரு பேரு வெச்சாங்க. 1975ல ஹாத்தி கமிட்டி, வணிகப் பேரைப் படிப்படியா ஒழிங்கன்னு சொல்லிச்சு. யாரு கேட்டா? 1994ல உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மட்டும் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மூலப்பேர்லயே மருந்து வாங்குச்சு. ஆக, ஜி.எச்.ல ஒரு பாஷை, தனியார்ல இன்னொரு பாஷை. எங்க சனங்க ரெண்டுக்கும் மாறி மாறிப் போறவங்க. பிரைமரி கீ இல்லாம ரெண்டு டேபிளைச் சேர்த்தா என்ன ஆகும்னு நம்ம பசங்களுக்குச் சொல்லணுமா என்ன :-)

உலக சுகாதார நிறுவனம் 'தீங்கில்லாத மருந்து' இயக்கத்தை ஆரம்பிச்சதும் அதே 2017 மார்ச்லதான். அது முக்கியமா எடுத்துக்கிட்ட மூணு விஷயத்துல ஒண்ணு, நோயாளி இடம் மாறுற நேரம். சேர்க்கும்போதும் வார்டு மாத்தும்போதும் வீட்டுக்கு அனுப்பும்போதும் பட்டியலை ஒத்துப் பார்த்து, எது தொடருது, எது நிக்குது, ஏன்னு எழுதணும். பேங்க் பாஸ்புக்கை டேலி பண்ற வேலைதான். வார்டுலயே நின்னு இதைச் செய்யத் தெரிஞ்ச ஆளுங்களை உருவாக்குற ஃபார்ம்.டி படிப்பு இந்தியாவுல 2008லயே வந்தாச்சு.

2018 செப்டம்பர் 13ல இருந்து அட்டைல மூலப்பேரு, வணிகப் பேரை விட ரெண்டு ஃபாண்ட் சைஸாவது பெருசா இருக்கணும்னு விதி. சில கூட்டு மருந்துகளுக்கு விலக்கு உண்டு. ஹாத்தி கமிட்டிக்கு 43 வருஷம் லேட்டு, அம்மிச்சிக்கு ஒரு வருஷம். வந்தும் என்ன, அம்மிச்சிக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது.

அதனால அம்மா ஒரு நாப்பது பக்க நோட்டுல ஒவ்வொரு அட்டையையும் வெட்டி ஒட்டி, பக்கத்துல தமிழ்ல பேரும் வேளையும் எழுதி வெச்சாங்க. இப்ப எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மஞ்சப்பைல அந்த நோட்டும் வரும். டிஸ்சார்ஜ் ஆகுறப்ப அம்மிச்சியே அதை எடுத்து நீட்டிருவாங்க: "இதுல எதுங்க சாமி நிறுத்தோணும்?"