ரோசெல் நகரத்து வீடு

1883 ஜூன் மாதம் நியூயார்க்கில் கரையிறங்கிய ஆனந்திபாய் ஜோஷிக்கு வயது 18. வரவேற்ற தியோடிசியா கார்ப்பெண்டரை அதுவரை கடிதங்கள் வழியாகவே அறிவார். ஃபிலடெல்பியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேருமுன், நியூஜெர்சியின் ரோசெல் நகரில் அக்குடும்பத்தாருடன் தங்கியே அமெரிக்க அன்றாடத்தைப் பயின்றார். சைவ உணவையும் சேலையையும் கைவிடவில்லை.

1886இல் பட்டம் பெற்றார். மறு ஆண்டே, 21 வயதில், புனேயில் காலமானார். அஸ்தி கார்ப்பெண்டருக்கு அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் பொகிப்சியில், அவர்தம் குடும்பக் கல்லறை நிலத்தில் வைக்கப்பட்டது.

பெண்கல்வி வரலாற்றைப் பட்டங்களைக் கொண்டே எழுதிவருகிறோம். அப்பட்டத்துக்குப் பின்னால் நின்ற வீட்டையும் அவ்வரலாறு கணக்கில் கொள்ள வேண்டும். விருந்தாக வந்தவர் உறவாகிப்போனதற்கு அக்கல்லறையே ஆவணம்.