நினைவும் மறப்பும்

நேற்றுப் பயின்ற பாட்டு இன்று நாவில் எழாமையும், இளமையிற் கேட்டதொரு சொல் முதுமையில் அழையாமலே வந்து நிற்றலும் மக்கள் யாவர்க்கும் பொதுவாய அனுபவங்களாம். கற்றது நிற்பது எவ்வாறு? நின்றது நீங்குவது எதனால்? இவ்விரு வினாக்களும் மிகப் பழையன. ஆயினும், அளந்து விடை காணும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தொடங்கிற்று. அதன் வரலாற்றை ஆராயுமிடத்து, மறப்பு என்பது ஒரு தன்மைத்தன்று என்பதும், வேறு வேறு காரணங்களான் நிகழ்வனவற்றிற்கு மக்கள் இட்டு வழங்கும் ஒரு பெயரே அஃதென்பதும் புலனாகும்.

கிரேக்க நாட்டுப் பிளேட்டோ, உள்ளத்தில் ஒரு மெழுகுக் கட்டி உளதாகக் கொண்டு, காட்சிகள் அதன்கண் முத்திரைபோற் பதிகின்றன என உவமை கூறினார். பதிவு உள்ளவழி நினைவு. பதிவு அழிந்தவழி மறப்பு. அவர் மாணாக்கராகிய அரிஸ்டாட்டில், நினைவு நிற்றல் வேறு, நின்றதனைத் தேடி எடுத்தல் வேறு எனப் பகுத்தார். இப்பகுப்பு நுட்பமுடையதாயினும், பின்வந்தோர் பலர் மெழுகின் உவமையையே பற்றி நின்றனர்.

நினைவை அளவையால் ஆராயப் புகுந்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் (1850–1909) ஆவர். அவர் தம்மையே சோதனைக்குரிய பொருளாக ஆக்கிக்கொண்டார். பொருளுடைய சொற்கள் பழைய தொடர்புகளால் எளிதில் நிற்குமாதலின், பொருளில்லா அசைகள் ஏறக்குறைய 2300 ஆக்கினார்; அவற்றை வரிசைப்படுத்திக் கடிகாரத்தின் ஒலிக்கு இயைய ஓதி, பிழையின்றி ஒப்பிக்குமளவும் பயின்றார். குறித்த காலம் கழிந்தபின் அவ்வரிசைகளையே மீண்டும் பயின்று, முன்னையினும் எவ்வளவு உழைப்பு மிச்சமாகின்றது எனக் கணக்கிட்டார். அம்முடிபுகள் 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. மிச்சம் ஏறக்குறைய 20 நிமிடங்களின் பின் நூற்றுக்கு 58. ஒரு மணிக்குப்பின் 44. ஒரு நாளைக்குப்பின் 34. ஆறு நாள் கழிந்தபின் 25. ஒரு திங்கள் கழிந்தபின் 21. எனவே, மறப்பு முதற்கண் விரைந்தும் பின்னர் மெல்லவும் நிகழ்வதென்பது போதரும். ஒப்பிக்க இயலாதவாறு மறந்தது போன்றதும் மீண்டும் பயிலுங்கால் விரைவில் வந்து சேர்தலின், மறந்ததெல்லாம் அழிந்ததாகாது என்பதும் அதனாற் பெறப்பட்டது.

அவர் கண்ட மற்றொன்று கற்பார்க்கு மிகவும் பயன்படுவது. ஒரு வரிசையை ஒரேநாளில் தொடர்ந்து 68 முறை ஓதியதனாற் பெற்ற பயனை, மூன்று நாளிற் பகுத்து ஓதிய 38 முறைகளே தந்தன. இடையிட்டு மீளுதலே நிலைபேற்றுக்கு வழி என்பது இதன் கருத்து.

தமிழ்நாட்டில் இந்நெறியின் பயன் ஆராய்ச்சிக்குப் பன்னூற்றாண்டு முன்னரே வழக்கில் விளங்கிற்று. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய முதலாம் இராசராசன் (985–1014) 48 பேரை நியமித்து, நாடோறும் அவர்க்கு நெல் வழங்கினமையைக் கல்வெட்டுக் கூறும். தில்லையில் திருமுறை ஏடுகளுள் ஒரு பகுதியைச் செல் அரித்திருந்த செய்தியைத் திருமுறைகண்ட புராணம் கூறுகின்றது. ஏட்டில் எழுதியது மீண்டும் படியெடுக்கப்படாதவழி அழியும். நாவிற் பயின்றது மீண்டும் ஓதப்படாதவழி மறையும். அரசன் கருதியது வழிபாடேயாயினும், நாடோறும் ஓதுதல் பாடலை உள்ளத்தில் நிறுத்துதற்கும் ஏதுவாயிற்று.

இனி, மறப்பின் காரணத்தை ஆராய்வாம். காலம் கழிதல் ஒன்றே காரணமெனின், உறங்கினும் விழித்திருப்பினும் ஒரே காலத்தில் ஒரே அளவு மறத்தல் வேண்டும். 1924-இல் அமெரிக்காவில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் இதனைச் சோதித்தனர். கற்றபின் உறங்கினோர், அவ்வளவு காலம் விழித்திருந்தோரினும் குறைவாகவே மறந்தனர். விழிப்பில் வந்து சேரும் புதிய நிகழ்ச்சிகள் முன்னையவற்றொடு மோதுதலே இதற்குக் காரணமென அவர்கள் கொண்டனர். பின்னர் 1966-இல் டல்விங், பியர்ல்ஸ்டோன் என்போர் செய்த சோதனையில், நினைவுக்கு வாராத சொற்கள் பல, அவற்றின் இனப்பெயரைச் சொல்லியவளவில் வெளிவந்தன. சொல் இருந்தது, அதனை எட்டும் வழியே இல்லாதிருந்தது. அரிஸ்டாட்டில் செய்த பகுப்பு இங்ஙனம் வலியுற்றது.

மெழுகின் உவமையைப் பெரிதும் நெகிழ்வித்தவர் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் பிரடெரிக் பார்ட்லெட் ஆவர். அவர் வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிப்பித்துப் பின்னர்த் திரும்ப எழுதச் செய்தார். எழுதினோர் தாம் அறியாத பகுதிகளை விடுத்தும், அறிந்தவற்றொடு இயைய மாற்றியும் எழுதினர். கதையிலிருந்த கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாக மாறிற்று. எழுதினோர் பொய் கூறினாரல்லர். நினைவுகூர்தல் என்பது இருந்ததை அவ்வாறே எடுத்தல் அன்றிப் புதுவதாகக் கட்டுதலேயாம் என்று 1932-இல் வெளிவந்த தம் நூலில் அவர் நிறுவினார்.

நினைவு பலவகைத்து என்பது ஒரு மனிதரின் துன்பத்தால் வெளிப்பட்டது. வலிப்புநோயால் வருந்திய ஹென்றி மொலைசன் என்பார்க்கு 1953-ஆம் ஆண்டில், அவருடைய 27-ஆம் வயதில், மூளையின் இருபக்கத்தும் உட்புறத்தே ஒரு பகுதி அறுத்து நீக்கப்பட்டது. கடற்குதிரை வடிவினதாய ஹிப்போகாம்பஸ் என்னும் உறுப்பின் பெரும்பகுதியும் அதனுள் அடங்கிற்று. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் நிற்கவில்லை. சற்றுமுன் உரையாடியவரையும் புதியராகவே கண்டார். இளமை நிகழ்ச்சிகள் பல நின்றன. மொழியும் அறிவுக்கூர்மையும் கெடவில்லை. கண்ணாடியில் நோக்கிக்கொண்டே விண்மீன் வடிவம் வரையும் பயிற்சியில் அவர் கை நாடோறும் தேர்ச்சி பெற்றது. முன்னர்ப் பயின்றதாக மட்டும் அவர் அறிந்திலர். அவரை நெடுங்காலம் ஆராய்ந்தவர் பிரெண்டா மில்னர் அம்மையார். மொலைசன் 2008-இல் காலமானார்.

இவ்விடத்துச் சைவர் சிந்தித்தற்குரியது ஒன்றுண்டு. உயிர் அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்றும், அரசன் அமைச்சரொடு கூடிநிற்றல்போல அவற்றொடு கூடிநிற்பதென்றும் சிவஞானபோதம் நான்காஞ் சூத்திரம் கூறும். மேனாட்டு ஆராய்ச்சி இதனை நிறுவ எழுந்ததன்று. நிறுவிற்றென உரைத்தலும் நேர்மையாகாது. அற்றேல், இவ்வரலாற்றாற் சைவர் பெறும் பயன் யாதெனின், கருவி பழுதுற்றவழி அறிவு விளங்காது என்பதும், விளங்காமை ஒன்றே கொண்டு அறிவுடைய பொருள் இன்றாயிற்று எனத் துணிதல் கூடாது என்பதும் தெளிதலாம்.

முதுமையில் நினைவு தளர்ந்து, மக்களையும் பெயரனையும் அடையாளம் அறியாது மயங்கும் பெரியோர் பல இல்லங்களில் உள்ளனர். பெயர் மறந்ததனால் அவர்க்கு அன்பு இல்லையென உற்றார் கருதி வெறுத்தலும், அவர் எதிரே அவரைப் பற்றி இழித்துரைத்தலும் தகா. நாளைய நினைவில் நில்லாதாயினும், இன்று கேட்கும் இன்சொல் இன்று அவர்க்கு இன்பமேயாம். பலகால் ஓதிய பதிகத்தை அவரருகிருந்து ஓதின், சில வேளை அவர் நாவும் உடன் அசைதல் கூடும். அசையாதாயினும், ஓதுவார் கடமை குறைவதன்று.