மானிப்பாய் வைத்தியக் கல்வி

யாழ்ப்பாணத்தை அடுத்த மானிப்பாயில், அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) 1848-இல் தொடங்கி நடத்திய பயிற்சி முறை இப்பெயரால் குறிக்கப்படும். 1820 முதல் பண்டத்தரிப்பில் ஜான் ஸ்கடர் சிகிச்சை செய்து வந்தாராயினும், இலங்கையில் மேனாட்டு வைத்திய சாஸ்திரத்தைச் சுதேச மாணாக்கருக்கு முறையாகக் கற்பித்த முதல் இடம் மானிப்பாயே. கொழும்பு வைத்தியப் பள்ளி தோன்றியது 1870-இல்தான்.

தொடக்கத்தில் போதனை ஆங்கிலத்தில் நடந்தது. மாணாக்கர் நூற்பாடத்தோடு நில்லாமல், மருந்து கலக்கவும், புண் கட்டவும், நோயாளியின் குறிகுணங்களை விசாரித்தறியவும், ரணசிகிச்சையின்போது ஆசிரியர் அருகிருந்து உதவவும் பழகினர். ஆனால் ஆங்கிலத்தில் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் செல்ல, கிராமங்கள் வைத்தியரின்றியே இருந்தன. இதைக் கண்ட கிறீன், ஊரிலேயே தங்கி ஊராருக்கு வைத்தியம் செய்பவர்களை உருவாக்கும் பொருட்டு, 1864 முதல் போதனை முழுவதையும் தமிழுக்கு மாற்றினார். அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

இம்முயற்சியின் உயிர்நாடி நூலாக்கமே. பிரசவ வைத்தியம் 1857-லேயே வெளிவந்தது. இரண வைத்தியம் 1867-இலும், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் ஆகிய இரண்டும் 1872-இலும் அச்சேறின. இவற்றுள் அங்காதிபாதம், கிரே முதலியோரின் உடற்கூற்று நூல்களைத் தழுவியது. கிரேயின் நூல் லண்டனில் வெளிவந்து 14 ஆண்டுகளுக்குள் யாழ்ப்பாணத்து மாணாக்கன் எலும்பையும் நரம்பையும் தன் மொழியிலேயே கற்க முடிந்தது என்பது சிறப்பாக எண்ணத்தக்கது. சாப்மன், டான்போர்த் முதலிய மாணாக்கர் பெயர்த்துத் தர, கிறீன் வரிவரியாகத் திருத்தினார். கலைச்சொல் வேண்டுமிடத்து முதலில் தமிழ் வைத்திய நூல்களிலும், அங்கு கிடையாதபோது வடமொழியிலும் தேடி, இரண்டிலும் அமையாதவற்றை மட்டும் ஆங்கிலத்தினின்று தமிழ் ஓசைக்கு இசையத் திரித்துக்கொண்டமையால், இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ (1875) என்னும் பெயர் வாய்த்தது. அந்நூல் அச்சானது நாகர்கோவிலில். 1873-இல் தாயகமான மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகருக்குத் திரும்பிய பின்னரும் அவர் இப்பணியை விடவில்லை. மனுஷ சுகரணம் 1883-இலும், இந்திய மருந்துச் சரக்குகளின் குணங்களைக் கூறும் இந்து பதார்த்த சாரம் அவர் மறைந்த 1884-இலும் வெளியாயின. தமிழருக்கு வைத்தியம் செய்த ஊழியன் என்றே தம் கல்லறையில் பொறிக்க வேண்டுமென்பது அவர் விருப்பம்.

அவர் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்ற சில ஆண்டுகளில் தமிழ்வழிப் போதனை நின்றுபோயிற்று. இது மொழியின் குறையால் நேர்ந்ததன்று. நூல்கள் இருந்தன, கற்றுத் தேறியவர்களும் இருந்தனர். அரசாங்க அங்கீகாரமும் வேதனமும் ஆங்கிலத்தைச் சார்ந்திருந்தமையே காரணம். மானிப்பாய் வைத்தியசாலை கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலை என்ற பெயருடன் விளங்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978 முதல் ஆங்கிலத்தில் கற்பித்து வருகிறது.