அலறலில் இருந்து மெலடிக்கு... மெட்டல்கோர் இசைக்குழு 'பிரிங் மீ தி ஹொரைசன்' ரூட்டை மாற்றியது ஏன்?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 2004-ல் தொடங்கப்பட்ட இசைக்குழு 'பிரிங் மீ தி ஹொரைசன்'. 2006-ல் வந்த இவர்களின் முதல் ஆல்பத்தைக் கேட்டால், பாடகர் ஆலிவர் சைக்ஸ் என்ன சொல்றாருன்னே புரியாது. தொண்டை கிழியும் அலறல்தான். 2015-ல் வந்த ஐந்தாவது ஆல்பத்தைக் கேட்டால், 'அதே ஆளா இது?' என்று தோன்றும். பழைய ரசிகர்கள் பலர், 'காசுக்காக மாறிட்டாங்க' என்று கொதித்தார்கள். நடந்தது என்ன?

மெட்டல்கோர்னா என்ன?

ஹார்ட்கோர் பங்க் இசையின் கோபமும், மெட்டல் இசையின் கனமான கிட்டாரும் சேர்ந்ததுதான் மெட்டல்கோர். வேகமாகப் போகும் பாட்டு நடுவில் திடீரென வேகம் குறைந்து, கிட்டாரும் டிரம்ஸும் ஒரே அடியாக இறங்கும். இதற்கு 'பிரேக்டவுன்' என்று பெயர். கூட்டம் முட்டி மோதி ஆடுவது இந்த இடத்துக்காகத்தான். இதில் டெத் மெட்டலையும் கலந்தால் டெத்கோர். இந்தக் குழுவின் முதல் ஆல்பம் அந்த ரகம்.

ஆல்டர்நேட்டிவ் மெட்டலில் கிட்டாரின் கனம் அப்படியே இருக்கும். ஆனால் பல்லவி, சரணம், வாயில் முணுமுணுக்கிற டியூன் எல்லாம் உண்டு. டெஃப்டோன்ஸ், ஃபெய்த் நோ மோர் போன்ற குழுக்கள் இதில் பிரபலம். லிங்கின் பார்க் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஏரியா ரொம்ப தூரம் இல்லை.

கீபோர்டு வந்தது, கதை மாறியது

2008, 2010-ல் வந்த ஆல்பங்களிலேயே டெத்கோர் சாயல் குறைந்து, எலக்ட்ரானிக் சத்தங்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன. ஆனால் பெரிய திருப்பம் 2012-ல் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ஃபிஷ் குழுவில் சேர்ந்ததுதான். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கிட்டாரிஸ்ட் ஜோனா வெய்ன்ஹோஃபன் வெளியேறினார். இரண்டாவது கிட்டார் இருந்த இடத்தில் கீபோர்டு வந்தது.

இது சின்ன விஷயம் மாதிரி தெரியலாம். ஆனால் இரண்டு கிட்டார்கள் சுவர் மாதிரி நிற்கும்போது, அதைத் தாண்டிக் கேட்க பாடகர் அலறித்தான் ஆகணும். கீபோர்டு பின்னணியில் பரவி நின்றால், நடுவில் குரலுக்கு இடம் கிடைக்கும். 2013-ல் வெளியான 'செம்பிடர்னல்' ஆல்பத்தில் நடந்தது அதுதான். பான்டெரா, டெஃப்டோன்ஸ் குழுக்களோடு வேலை செய்த டெர்ரி டேட் இதன் தயாரிப்பாளர். அலறலும் இருக்கு, பாட்டும் இருக்கு. இந்தக் குழுவை முதன்முறை கேட்பவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

மேடையில் உடைந்த ரகசியம்

2014 ஜூலையில் அமெரிக்காவில் நடந்த ஒரு இசை விருது விழா. விருது வாங்க மேடையேறிய சைக்ஸ், தான் பல ஆண்டுகளாக கெட்டமைனுக்கு அடிமையாக இருந்ததையும், மறுவாழ்வு மையத்தில் சிகிச்சை எடுத்ததையும் போட்டு உடைத்தார். கெட்டமைன் என்பது ஆபரேஷன் நேரத்தில் கொடுக்கப்படும் மயக்க மருந்து. போதைக்காகவும் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது.

'செம்பிடர்னல்' பாடல்களின் பின்னணி அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. இப்படிப்பட்ட விஷயத்தைப் பாட்டில் சொல்லும்போது வார்த்தை காதில் விழணும். அந்த வகையில், இந்த மாற்றத்தை வெறும் காசுக் கணக்காக மட்டும் பார்ப்பது நியாயமில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த 'டிரவுன்' பாடல், அடுத்து எங்கே போகிறார்கள் என்பதைக் காட்டிவிட்டது. 2015 செப்டம்பரில் 'தட்ஸ் தி ஸ்பிரிட்' ஆல்பம். கிரீஸின் சாண்டோரினி தீவில் பதிவு செய்யப்பட்டது. வெளித் தயாரிப்பாளர் இல்லை, சைக்ஸும் ஃபிஷ்ஷுமே தயாரித்தார்கள். பிரிட்டன், அமெரிக்கா இரண்டு நாடுகளின் ஆல்பம் பட்டியலிலும் 2-ம் இடம். கோபித்துக்கொண்டு போனவர்களை விட புதிதாக வந்தவர்கள் அதிகம்.

2016 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆர்கெஸ்ட்ராவோடு கச்சேரி. புற்றுநோயால் பாதிக்கப்பட்ட இளம் வயதினருக்கான தொண்டு அமைப்புக்காக நடத்தியது. பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்தக் குழுவை அந்த மேடையில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதோடு நின்றதா?

இல்லை. 2019-ல் வந்த 'அமோ' இன்னும் தள்ளிப்போய் பாப், எலக்ட்ரானிக் பக்கம் சாய்ந்தது. பிரிட்டனில் முதன்முறையாக முதலிடம், கிராமி பரிந்துரை எல்லாம் கிடைத்தது. 'இதெல்லாம் மெட்டலே இல்லை' என்று புலம்பும் ரசிகர்களைக் கிண்டலடித்து அதில் ஒரு பாட்டே வைத்தார்கள். குசும்புதான்!

சரி, இனி திரும்ப மாட்டார்கள் என்று நினைத்த நேரத்தில், 2020-ல் 'போஸ்ட் ஹியூமன்: சர்வைவல் ஹாரர்' மூலம் கனமான கிட்டார் மறுபடி வந்தது. 2023 டிசம்பரில் ஜோர்டன் ஃபிஷ் குழுவிலிருந்து விலகினார். 2024 மே மாதம் வெளியான 'நெக்ஸ் ஜென்' ஆல்பத்தில் அலறல், பாப், எலக்ட்ரானிக் மூன்றும் கலந்தே இருக்கிறது.