உதடு நக்குதல் (நாய்)

நாய் தன் நாக்கை வெளியே நீட்டி மேலுதட்டையோ கடைவாயையோ மூக்குநுனியையோ தடவி உள்ளிழுத்துக்கொள்வது உதடு நக்குதல் எனப்படும். உண்ட பின்னும் நீர் குடித்த பின்னும் எல்லா நாய்களும் இதைச் செய்கின்றன. சோற்றுத் தட்டு தரையில் படும் ஓசை கேட்டதுமே வாயூறி நக்கிக்கொள்வதும் இயல்பே. தீனியோடு தொடர்பில்லாத வேளைகளில், தூக்கத்தைக் கெடுக்கும் அளவிலோ உதட்டோரத்து மயிர் எச்சிலில் ஊறிச் செம்பழுப்பாக மாறும் அளவிலோ திரும்பத் திரும்ப நிகழும்போதுதான் அது மிகையாகக் கொள்ளப்படுகிறது. இத்தனை முறைக்கு மேல் போனால் மிகை என்று எண்ணிக்கையால் வரையறுக்க இயலாது. அந்த நாயின் முந்தைய வழக்கமே அளவுகோல். மிகை நக்குதல் தனியொரு நோயன்று. காய்ச்சலைப் போலப் பல காரணங்களுக்குப் பொதுவான அறிகுறி.

தமிழ் வழக்கில் உள்ள மூன்று சொற்கள் இங்கே வேறுபாடு காட்ட உதவுகின்றன. நாக்கு ஒரு கணம் வெளிவந்து மூக்குநுனியைத் தொட்டு மறைவது நக்குதல். நாக்கும் அண்ணமும் ஒட்டிப் பிரியும் ஓசையோடு வெறும் வாயை மெல்வது சப்புக்கொட்டுதல். வாயோரத்திலிருந்து எச்சில் நூலாக இறங்குவது ஜொள்ளு வடித்தல். முதலாவது பெரும்பாலும் மனநிலையையும், பின்னிரண்டும் பெரும்பாலும் வாய், வயிறு ஆகியவற்றின் நிலையையும் காட்டுகின்றன. நாயை அழைத்து வருபவர் இவற்றுள் எது நிகழ்கிறது என்று பிரித்துச் சொல்லிவிட்டால் மருத்துவரின் வேலையில் பாதி முடிந்துவிடும்.

நக்குதலுக்கு உடலமைப்பு சார்ந்த பயனும் உண்டு. ஈரமான மூக்குநுனியில் மணத்துகள்கள் எளிதில் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றை நாக்கு வாய்க்குள் கொண்டுசெல்கிறது. மேல்வரிசை வெட்டுப்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் திறக்கும் சிறு குழாய்கள் ஜேக்கப்சன் உறுப்பு என்னும் துணை மோப்ப உறுப்போடு இணைகின்றன. பிற நாய்களின் சிறுநீர் மணத்தை முகர்ந்தபின் ஆண் நாய் வாயைச் சப்புக்கொட்டி நிற்பது இதனோடு தொடர்புடையது.

ஆய்வு வரலாறு

நாயின் முகக்குறிகளை அறிவியல் பொருளாக்கியவர்களுள் சார்லஸ் டார்வின் முதன்மையானவர். உணர்ச்சி வெளிப்பாடுகளைப் பற்றி 1872இல் அவர் வெளியிட்ட நூலில் நாய் பல பக்கங்களில் வருகிறது. தாய்நாய் குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்யும் வழக்கமே, வளர்ந்த நாய் தன் எசமானரின் கையையும் முகத்தையும் நக்கும் பழக்கமாக வளர்ந்திருக்கலாம் என்று அவர் கருதினார். பிறரை நக்குவதும் தன் உதட்டையே நக்கிக்கொள்வதும் வெவ்வேறு செயல்கள் என்ற தெளிவு பின்னரே ஏற்பட்டது.

அடுத்த பெரிய அடி ரஷ்யாவில் எடுத்துவைக்கப்பட்டது. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் செரிமானத்தை ஆராய்ந்த இவான் பாவ்லோவ், நாயின் உமிழ்நீர்ச் சுரப்பிக் குழாயின் வாயை அறுவை மூலம் கன்னத்துக்கு வெளியே கொண்டுவந்து, சொட்டும் எச்சிலை அளந்தார். உலர்ந்த இறைச்சித் தூளுக்கு எச்சில் பெருகியது. ஈரமான இறைச்சிக்குக் குறைந்தது. வாயில் அமிலம் விட்டபோது அதைக் கழுவித் தள்ளும் வகையில் நீர்த்த எச்சில் மிகுதியாக வந்தது. வாயில் விழுவது இன்னதென்று அறிந்து சுரப்பி அளந்து கொடுக்கிறது என்பதே இதன் பொருள். செரிமான ஆய்வுக்காக 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உணவு வருமுன்பே, அதை அறிவிக்கும் ஓசைக்கு எச்சில் ஊறுவதைப் பின்னர் அவர் விரிவாக ஆராய்ந்து, பழக்கத்தால் அமையும் அனிச்சைச் செயல் என்று விளக்கினார். பாடநூல்கள் அந்த ஓசையை மணியோசை என்றே எழுதுகின்றன. உண்மையில் தாளமானி, மின்னொலிப்பான் முதலிய பலவற்றை அவர் பயன்படுத்தினார். அச்சத்தால் வரும் நக்குதலைத் தணிக்க இன்று கையாளப்படும் முறையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பசியும் இல்லை, வாயில் எதுவும் இல்லை, ஆயினும் நாய் நக்குகிறது. இதற்கான விளக்கம் மீன்களிடமிருந்தும் பறவைகளிடமிருந்தும் வந்தது. டச்சு ஆய்வாளர்களான நிக்கோ டின்பெர்கன், அட்ரியான் கோர்ட்லாண்ட் இருவரும் 1940இல் தனித்தனியே ஒரு கருத்தை முன்வைத்தனர். தாக்கலாமா ஓடலாமா என்று இரண்டு உந்துதல்களுக்கிடையே சிக்கிய விலங்கு, இரண்டையும் விட்டு அவ்விடத்துக்குப் பொருந்தாத மூன்றாவதொரு செயலைச் செய்கிறது. சண்டைக்கு நின்ற சேவல் திடீரெனத் தரையைக் கொத்துவது போல. இது இடம்பெயர் செயல் எனப்படுகிறது. கேள்விக்கு விடை தெரியாத மாணவன் தலையைச் சொறிவதும் இவ்வகையே. அழைப்பவரின் முகத்தில் கோபம் இருப்பதைக் கண்டு, வருவதா நிற்பதா என்று தயங்கும் நாய் உதட்டை நக்குவது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகர விலங்குக் காட்சிசாலையில் ஓநாய்களைக் கவனித்த ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் தம் முதல் ஆய்வை வெளியிட்டார். 1967இல் ஓநாய், நாய் ஆகியவற்றின் பணிவைத் தனியே ஆராய்ந்து, அதை முனைப்புள்ள பணிவு, அடங்கிய பணிவு என இரண்டாகப் பிரித்தார். குட்டி, வேட்டையிலிருந்து திரும்பிய பெரிய ஓநாயின் வாயை நக்கி, அது கக்கும் இரையை உண்கிறது. அந்தச் செயலே வளர்ந்தபின் முனைப்புள்ள பணிவுக் குறியாக நிலைக்கிறது என்றார் அவர். எதிரே உள்ளதன் வாயை எட்ட முடியாதபோது நாக்கு தன் மூக்கையே தொட்டுத் திரும்புகிறது என்று கொண்டால் மிகை உதடு நக்குதலின் சமூகப் பொருள் எளிதில் விளங்குகிறது.

நார்வே நாட்டுப் பயிற்சியாளர் துரீத் ருகாஸ் 1990களில் இத்தகைய செயல்களுக்கு அமைதிக் குறிகள் என்று பெயரிட்டார். கொட்டாவி, முகத்தைத் திருப்புதல், தரையை மோத்தல், மூக்கை நக்குதல் முதலிய ஏறத்தாழ 30 குறிகள் அவருடைய பட்டியலில் உள்ளன. எதிராளியையும் தன்னையும் அமைதிப்படுத்த நாய் இவற்றைக் கையாள்கிறது என்பது அவர் கருத்து. ஆய்வகச் சான்றின்றி எழுந்த கருத்து என்று கல்வியாளர்கள் சிலர் தயங்கினாலும் பின்வந்த சில ஆய்வுகள் அவர் கருத்துக்கு ஓரளவு துணைநின்றன.

இவ்வாய்வுகளுள் நெதர்லாந்தில் போன்னே பேர்டா குழுவினர் 1998இல் வெளியிட்டது நுட்பமானது. 10 நாய்களுக்கு ஆறு வகைத் தொல்லைகள் தரப்பட்டன. எதிர்பாராத பேரோசை, சிறு மின்னதிர்ச்சி, மேலிருந்து விழும் பை ஆகியவற்றுக்கு நாய்கள் உடலை வெகுவாகத் தாழ்த்தின; எச்சிலில் கார்ட்டிசால் என்னும் நெருக்கடி இயக்குநீர் உயரும் போக்கும் தெரிந்தது. ஆய்வாளர் கண்ணெதிரே நின்று குடையை விரித்தபோதும் நாயை அழுத்திப் பிடித்தபோதும் கார்ட்டிசால் மாறவில்லை. ஆனால் நக்குதல் போன்ற வாய்ச் செயல்களும் கொட்டாவியும் வந்தன. ஆள் எதிரே இருக்கும்போதே நாக்கு வெளிவருகிறது என்பது கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் லிங்கன், பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது: நாய்கள் சினந்த முகப்படங்களைக் கண்டபோது வாயை மிகுதியாக நக்கின, நாய் முகங்களைவிட மனித முகங்களுக்கே அதிகம் நக்கின, சினந்த குரலை மட்டும் கேட்டபோது அவ்வாறு செய்யவில்லை. ஆகவே இது கண்ணால் பார்க்கிறவருக்கு விடுக்கப்படும் செய்தி எனலாம்.

செய்தி பெறப்படாதபோது ஆபத்து உண்டு. பிரித்தானியக் கால்நடை மருத்துவர் கெண்டல் ஷெப்பர்டு வகுத்த சினப்படிக்கட்டில் கொட்டாவி, கண்சிமிட்டல், மூக்கு நக்கல் ஆகியவை கீழ்ப்படியிலும் கடித்தல் மேற்படியிலும் வைக்கப்பட்டுள்ளன. சிறுகுழந்தை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு படத்துக்கு நிற்கும்போது, நாயின் காது பின்னால் படிந்து, கண்ணின் வெள்ளை விளிம்பு தெரிந்து, நாக்கு மூக்கைத் தொட்டிருப்பதைப் பல வீட்டுப் படங்களில் காணலாம். அதைச் சிரிப்பு என்று எண்ணிப் பெற்றோர் மகிழ்கின்றனர்.

உடல்நலக் காரணங்கள்

குமட்டல் முதன்மையான காரணம். வாந்திக்கு முன் எச்சில் பெருகுவதால் நாய் சப்புக்கொட்டி, விழுங்கி, அருகம்புல்லைத் தேடி மேய்கிறது. இரவு முழுதும் வெறும் வயிறாக இருந்த நாய் விடியற்காலையில் சப்புக்கொட்டி, மஞ்சள் நுரையாகப் பித்தநீரைக் கக்குவது பரவலாகக் காணப்படுவது. கார்ப் பயணம், கணைய அழற்சி, சிறுநீரகச் செயலிழப்பு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றாலும் குமட்டல் வரும். கனடாவின் மொண்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தரை, சுவர் முதலியவற்றை ஓயாமல் நக்கிய 19 நாய்களுள் 14க்குக் குடல், இரைப்பைக் கோளாறு இருந்தது. மனக்கோளாறு என்று முடிவுகட்டப்பட்டிருக்கக்கூடிய நாய்கள் அவை.

வாய்க்குள்ளும் காரணம் இருக்கலாம். வளர்ந்த நாயின் 42 பற்களில் ஏதேனும் உடைந்தாலும் ஈறு அழுகினாலும் நக்குதல் கூடும். சமைத்த எலும்பின் சில்லு மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களுக்கிடையே அண்ணத்தில் குறுக்காகச் சிக்கிக்கொள்வதுண்டு. அப்போது நாய் முன்னங்காலால் வாயைப் பிராண்டும். காக்கர் ஸ்பானியல், புல்டாக் போன்ற இனங்களின் உதட்டு மடிப்பில் எச்சில் தங்கித் தோல் புண்ணாகும். மழைக்காலத்தில் தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளும். அதன் வாயை ஈரத்துணியால் வெளிப்புறமாகத் துடைக்க வேண்டுமேயன்றித் தொண்டைக்குள் நீர் ஊற்றலாகாது. கூப்பிட்டாலும் திரும்பாமல், வெறித்த பார்வையோடு சில நொடிகள் சப்புக்கொட்டுவது மூளையின் ஒரு பகுதியில் எழும் வலிப்பாக இருக்கலாம். தாடை தொங்கி எச்சில் ஒழுகும் நாயின் வாயில் கைவிடலாகாது. அது வெறிநோயாக இருக்கக்கூடும்.

தணித்தல்

நக்குதலை அதட்டி நிறுத்த முயல்வது தவறு. அதட்டலே நக்குதலுக்கு ஒரு காரணம். ஓடிவந்து கொஞ்சுவதும் பயன் தராது. நக்கினால் கவனிப்பு கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளும். வாய், பற்கள், குருதி ஆகியவற்றைச் சோதித்து உடற்காரணத்தை விலக்கிய பின்னரே மனக்காரணத்துக்குச் செல்ல வேண்டும். விடியற்காலைக் குமட்டலுக்குப் படுக்குமுன் சிறிது தீனி கொடுப்பதே பல நாய்களுக்குப் போதும். பால்குடி மறந்த நாய்களுள் பலவற்றுக்குப் பாலின் சர்க்கரை செரிக்காது என்பதால் பால்சோற்றை நிறுத்திப் பார்க்கலாம். உணவு ஒவ்வாமை ஐயப்பட்டால் முன்பு உண்ணாத ஒரே புரதத்தை மட்டும் சுமார் எட்டு வாரம் கொடுத்துச் சோதிப்பர். குமட்டலுக்கு மாரோபிட்டன்ட் என்னும் மருந்து மருத்துவர் பரிந்துரையில் பயன்படுகிறது. மனிதருக்கான ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் புண்படுத்துபவை.

அச்சத்தால் வருவதற்கு முதல் மருந்து தொலைவு. நக்கத் தொடங்கியதும் ஆளோ ஓசையோ விலக்கப்பட வேண்டும்; பிறகு, நாய் தாங்கும் தொலைவில் அதே ஆளைக் காட்டிக் கோழித்துண்டு கொடுத்து, நாட்கணக்கில் தொலைவைக் குறைத்துவர, பாவ்லோவ் கண்ட விதியின்படி அச்சக்குறி தீனிக்குறியாக மாறுகிறது. தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாயைச் சன்னல் அடைத்த உள்ளறையில், மின்விசிறி ஓசையோடு வைப்பது உதவும். கடுமையான நிலையில் ஃபுளுவாக்செட்டின், குளோமிப்பிரமின் முதலியவை தரப்படுகின்றன. மருத்துவமனை மேசையில் நக்குதல் நிகழாமலே போகலாம் என்பதால் வீட்டில் கைபேசியில் எடுத்த காணொளியைக் கேட்டுப் பார்க்கும் வழக்கம் இப்போது பரவியுள்ளது. அதில் நாயின் வாய் மட்டுமின்றி அப்போது எதிரே யார் நிற்கிறார் என்பதும் தெரிய வேண்டும்.