சிறையும் கொள்ளைநோயும்: நெய்யாற்றின்கரை, பாறசாலை வட்டாரம்

களியக்காவிளை எல்லையை ஒட்டிய பாறசாலைப் பகுதியில் கைதாகிறவர் நீதிமன்றக் காவலில் நெய்யாற்றின்கரைக் கிளைச்சிறைக்குப் போகிறார். நீண்ட தண்டனை பெற்றால் 1886-இல் நிறுவப்பட்ட பூஜப்புரை மத்தியச் சிறைக்கு. ஆட்கள் போகும் இந்த வழியில்தான் தொற்றும் போகிறது. இதை அரசுகள் நெடுங்காலமாக அறிந்திருந்தன. 1879-இல் திருவிதாங்கூர் அரச விளம்பரம் அம்மை குத்திக்கொள்வதை அரசு ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் கைதிகளுக்கும் கட்டாயமாக்கியது. பெரியம்மைக்குத் தடுப்பூசி இருந்ததால் அது சாத்தியமாயிற்று. ஊசியில்லாத நோய்க்கு இடத்தைத் தவிர வேறு காப்பில்லை. 1918 ஏப்ரலில் அமெரிக்காவின் சான் குவென்டின் சிறைக்குப் புதிதாக வந்த ஒரு கைதியோடு இன்ஃபுளுவென்சா நுழைந்தது. அங்கிருந்த ஏறத்தாழ 1,900 பேரில் பாதிப்பேர் வரை நோயுற்றார்கள் என்று சிறை மருத்துவர் ஸ்டான்லி பதிவுசெய்தார். பிரிட்டிஷ் இந்தியாவின் 1894-ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவோ, சிறையில் நெரிசல் மிகுந்தாலும் கொள்ளைநோய் கண்டாலும் கைதிகளுக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஏற்படுத்தவேண்டும் என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டது. நோய்க்காலத்தில் சிறை செய்யவேண்டிய முதல் வேலை ஆள்குறைப்பு என்பதே இந்த வரலாறு காட்டும் முடிவு.

கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றமும் இவ்வழியிலேயே நடந்தது. 2020 மார்ச் 16-இல் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, 23-ஆம் தேதி மாநிலந்தோறும் உயர்நிலைக் குழு அமைக்க உத்தரவிட்டது. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய வழக்குகளில் இருப்பவர்களை பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ விடுவதை அக்குழுக்கள் பரிசீலிக்கலாம் என்றது. கேரளத்திலும் பலர் வெளியே வந்தார்கள். ஆனாலும் அந்த ஆகஸ்டில் பூஜப்புரையில் முதல் சுற்றுச் சோதனையிலேயே 59 பேருக்குத் தொற்று தெரிந்தது. சில நாள்களில் எண்ணிக்கை 400-ஐத் தாண்டியது. முதியவரான ஒரு விசாரணைக் கைதி இறந்தார். விடுவித்தும் பயனில்லையே என்று இதைக் காட்டி வாதிடலாம். அந்த வாதம் நிற்காது. வார்டர்கள் நாள்தோறும் வீட்டுக்குப் போய் வருகிற இடத்தில் நோய் நுழைவதை எந்த மதிலும் தடுக்காது. நுழைந்தபின் எத்தனை பேரைப் பற்றும் என்பதை நெரிசல் தீர்மானிக்கிறது. எஞ்சியவர்கள் ஒரே கூரையின்கீழ் சேர்ந்தே கிடந்தார்கள்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களின் அச்சம் இதைவிடக் கனமான மறுப்பு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ஆனால் அந்த விடுதலை தண்டனையை ரத்து செய்யவில்லை. 2023 மார்ச்சில் அதே நீதிமன்றம் வெளியே விடப்பட்டவர்களை 15 நாளில் சரணடையச் சொன்னது. மதிலில்லாமலும் காவல் நடக்கும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே, நெய்யாறு அணைப் பகுதியில் இருக்கிறது: நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறை, 1962 முதல் இயங்குகிறது. நன்னடத்தையுள்ள தண்டனைக் கைதிகள் அங்கே தோட்ட வேலை செய்து வாழ்கிறார்கள். அத்தகைய இடங்கள் பெருகவேண்டும். அடுத்த நோய் வந்தபின் தேடினால் கிடைக்காது. ஆனால் நெய்யாற்றின்கரையில் ரிமாண்டில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2020 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் நான்கில் மூவர் இப்படிக் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அவர்களுக்கு ஜாமீன்தான் வழி. அதை நோய்க்காலச் சலுகையாக அல்லாமல் வழக்கமான நடைமுறையாகவே நீதிமன்றங்கள் வழங்கவேண்டும்.