முள்ளுக் கடவையும் ஐசியும்: கண்டியில் யார் தங்கலாம்?

கண்டிக்குப் போறதெண்டால் முதல் வாற கேள்வி, எங்கை தங்கிறது எண்டதுதான். ஃபோனைத் திறந்தால் நூறு அறை காட்டும். வாவிக்கரையில் ஒண்டு, மலைச்சரிவில் ஒண்டு, பழைய துரை பங்களா ஒண்டு. விலை, காலைச் சாப்பாடு, வைஃபை எல்லாம் பார்த்து எங்களுக்குப் பிடித்ததை எடுக்கலாம்.

ஆனால் கண்டியில் ஒருவர் எங்கே படுத்தெழும்புவது என்பதை அவரே முடிவுசெய்கிற வழக்கம் சரியான புதுசு. முந்நூறு, நானூறு வருசமாக அதை வேறு ஆக்கள் முடிவு செய்தார்கள். ஒரு காலம் அரசன், பிறகு ஒரு உடன்படிக்கை, பிறகு தோட்டத்துத் துரை, பிறகு பொலிஸ். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு, எங்கை தங்கலாம் எண்டதையும் கடைசியில் சொல்லுறம்.

குருநகர் ஆக்களான எங்களுக்குக் கண்டி என்ற பேர் புதுசில்லை. சுண்டிக்குளிப் பக்கம் கொஞ்சம் நடந்தால் கண்டி வீதி வந்துவிடும். ஏ9 என்று எல்லாரும் சொல்கிற அந்த 321 கிலோமீற்றர் றோட்டின் ஒரு நுனி எங்கட பக்கத்தில், மற்ற நுனி கண்டியில். இந்த இரண்டு நுனிக்கும் நடுவில் ஆரார் எதெதைக் காட்டிப் போய்வந்தார்கள் என்று பார்த்தாலே பாதி வரலாறு விளங்கும்.

களிமண் முத்திரை

கண்டி இராச்சியத்துக்குக் கோட்டை மதில் பெரிதாகத் தேவைப்படவில்லை. மலையும் காடும்தான் மதில். உள்ளே வருகிற ஒற்றையடிப் பாதைகளில் முள்ளால் கடவை கட்டிக் காவல் போட்டிருந்தார்கள். 1660 இல் மூதூர்ப் பக்கம் பிடிபட்டு, 19 வருசம் அந்த இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் இதை விபரமாக எழுதியிருக்கிறார். கடவையைத் தாண்டக் களிமண்ணில் பதித்த முத்திரை வேண்டும். போர்வீரன் எண்டால் தோளில் ஈட்டி வைத்த மனிதன். கூலியாள் எண்டால் காவுதடியில் இரண்டு பை தொங்கவிட்ட மனிதன். வெள்ளைக்காரன் எண்டால் வாளோடு ஒரு வெள்ளை முகம். ஆளின் பேர் முக்கியமில்லை, ஆள் என்ன வகை எண்டதுதான் முக்கியம்.

நொக்ஸும் மற்றக் கைதிகளும் சிறைக்கூடத்தில் அடைக்கப்படவில்லை. ஊர் ஊராகப் பிரித்துக் குடிசனத்தின் வீடுகளில் விட்டார்கள். சாப்பாடு போடுவது ஊரின் கடமை, அரசனின் உத்தரவு. விருந்தாளியும் கைதியும் ஒரே ஆள்! சாதாரண சனம் தங்கட வீட்டுக்கு ஓடு போடவோ சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவோ அனுமதி இல்லாத நாடு அது எண்டும் அவர் எழுதுகிறார். 1679 இல் அவர் தப்பியோடினது வடக்குப் பக்கம். அருவியாற்றை ஒட்டிக் காட்டுக்குள்ளால் நடந்து, மன்னார்க் கரையில் ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார்.

கரையிலிருந்து போன சுவாமியார்

நொக்ஸ் மலையிலிருந்து கரைக்கு வந்தார். எதிர்ப்பக்கமாக, கரையிலிருந்து மலைக்குப் போனவர் யோசேவாஸ் அடிகள். கோவாவில் பிறந்த குருவானவர். 1687 இல் ஏழைக் கூலியாள் வேசத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது இங்கே ஒல்லாந்தர் ஆட்சி, கத்தோலிக்கம் தடை. குருமாரை ஒளித்து வைத்திருந்த வீடுகளுக்கும் ஆபத்து. சில்லாலையில் சனம் அவரைப் பாதுகாத்தது. ஒல்லாந்தரின் தேடுதல் இறுக, அவர் புத்தளம் போய், அங்கிருந்து 1692 இல் கண்டிக்குப் போனார்.

கண்டியில் அவருக்குக் கிடைத்த முதல் தங்குமிடம் சிறை. போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகம். ஆனால் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் மெல்ல மெல்ல மனம் மாறினான். அடிகள் கோயில் கட்டவும் ஊர் சுற்றவும் அனுமதி கிடைத்தது. 1697 இல் அம்மை நோய் பரவி, வீட்டு ஆக்களே நோயாளிகளை விட்டிட்டு ஓடினபோது, அவர் அவர்களைப் பராமரித்தார். 1711 ஜனவரி 16 இல் கண்டியிலேயே இறந்தார். 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்புக்கு வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

கத்தோலிக்க ஊர்க்காரரான எங்களுக்கு இந்தக் கதையில் ஒரு விசயம் முக்கியமாகப் படுகிறது. கிறிஸ்தவர்களான ஒல்லாந்தர் துரத்தின குருவானவருக்குப் பௌத்த அரசன்தான் இடம் கொடுத்தான். மதம் பார்த்து மட்டும் கண்டியின் கதவு திறக்கவும் இல்லை, பூட்டவும் இல்லை.

குமாருப்பே வீதியும் மூன்றாம் பிரிவும்

1739 இல் நரேந்திரசிங்க மன்னன் வாரிசில்லாமல் இறக்க, மதுரைப் பக்கத்திலிருந்து வந்த அவனது இராணியின் தம்பி அரசனானான். நாயக்கர் வம்சம் அப்படித்தான் கண்டிச் சிம்மாசனத்துக்கு வந்தது. நான்கு அரசர்கள், 76 வருசம். அவர்களில் கீர்த்தி சிறி இராசசிங்கன் காலத்தில்தான் சீயத்திலிருந்து பிக்குமார் வரவழைக்கப்பட்டு, 1753 இல் உபசம்பதா திரும்பத் தொடங்கியது. இன்றைக்கு உலகமே பார்க்க வருகிற எசல பெரஹெராவில் தந்ததாது முதலிடம் பெற்றதும் அவன் காலத்தில்தான். அதே ஊர்வலத்தில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களும் சேர்ந்து போகின்றன. பத்தினி எண்டால் ஆரெண்டு கண்ணகி கோயில் இருக்கிற ஊராக்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அரசனின் நாயக்க உறவினர் குடியிருந்தது குமாருப்பே வீதி. பிரித்தானியர் காலத்தில் அதற்கு மலபார் வீதி என்று பேர். தமிழரை வெள்ளைக்காரர் அப்போது மலபார் என்றுதான் அழைத்தார்கள்.

1815 மார்ச் 2 ஆம் திகதி, தலதா மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கிற மகுல் மடுவ மண்டபத்தில், பிரித்தானியரும் கண்டிப் பிரதானிகளும் உடன்படிக்கை செய்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதைக் கண்டி ஒப்பந்தம் எண்டு ஒரு வரியில் பாடமாக்கினோம். மூன்றாம் பிரிவை அப்போது ஒருவரும் சொல்லித் தரவில்லை. கடைசி அரசன் சிறி விக்கிரம இராசசிங்கனின் ஆண் உறவினர் எல்லாரும் கண்டி மாகாணங்களின் எதிரிகள், எழுத்து அனுமதி இல்லாமல் உள்ளே வரக்கூடாது, வந்தால் இராணுவச் சட்டம் பாயும். அதோடு, வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்களும் திரும்பி வரக்கூடாது. ஒரு நகரத்தில் ஆர் தங்கலாம், ஆர் தங்கக்கூடாது எண்டதை இனம் சொல்லி எழுதிவைத்த பத்திரம் அது. அரசனை வேலூருக்கு நாடு கடத்தினார்கள். 1832 இல் அங்கேயே செத்தான். பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது.

இந்த இடத்தில் வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக எங்களால் முடியாது. 1990 ஒக்ரோபர் 30 இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு, சில மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகச் சொல்லி விடுதலைப் புலிகள் உத்தரவு போட்டார்கள். சோனகத் தெருவில் அதற்குப் பிறகு எத்தினை வருசம் வீடுகள் கூரையில்லாமல் நின்றன எண்டது பக்கத்தில் இருக்கிற எங்களுக்குத் தெரியாததில்லை. மூன்றாம் பிரிவு கண்டிக்கு மட்டும் சொந்தமானதில்லை.

பங்களாவும் லயனும்

ஒரு பக்கம் தமிழரை உள்ளே விடாதே என்று எழுதின அதே ஆட்சி, கொஞ்சக் காலத்திலேயே தமிழரை ஆயிரக்கணக்கில் மலைக்குக் கூட்டி வந்தது. இந்த முறை கோப்பித் தோட்டத்துக்கு. தமிழ்நாட்டிலிருந்து வள்ளத்தில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியால் மாத்தளைக்கு நடந்தார்கள். நொக்ஸ் தப்பி வந்த காட்டுப் பக்கம்தான். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர்.

1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அதே வருசம் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் வியாபாரமாகத் தேயிலை பயிரிடத் தொடங்கினார். ரயிலில் வந்த துரைமாருக்கு வாவிக்கரையில் ஹோட்டல், தோட்டத்தில் பங்களா. காட்டால் நடந்து வந்தவர்களுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பரா. 1948 இல் நாடு சுதந்திரமான வருசமே, பிரசாவுரிமைச் சட்டத்தால் அந்தக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவர்களையும் நாடற்றவர்களாக்கினார்கள். அந்தச் சட்டத்துக்குக் கைதூக்கின யாழ்ப்பாணத்துத் தமிழரும் இருந்தார்கள்.

இன்றைக்குத் தேயிலை பங்களாவில் ஒரு இரவு எண்டு விளம்பரம் வருகிற இடங்கள் பல அந்தத் துரை பங்களாக்கள்தான். யன்னலால் பார்த்தால் பச்சைச் சரிவு தெரியும். இன்னும் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் லயனும் தெரியும்.

விடுதி, லொட்ஜ், பதிவுப் புத்தகம்

யாழ்ப்பாணத்துப் பெடியள், பெட்டையள் உரிமையோடு கண்டியில் தங்கின முதல் பெரிய இடம் பேராதனைப் பல்கலைக்கழகம்தான் எண்டு சொல்லலாம். 1952 இல் பல்கலைக்கழகம் கொழும்பிலிருந்து பேராதனைக்கு வந்தது. விடுதிகளில் இரண்டுக்கு இராமநாதன், அருணாசலம் எண்டு தமிழ்ச் சகோதரர் இருவரின் பேர். வித்தியானந்தன் இராவணேசன் போன்ற கூத்துகளை மேடையேற்றியதும் அந்தச் சூழலில்தான்.

ஆனால் 1983 மே மாதம் அங்கேயே தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு வளாகத்தை விட்டு ஓடவேண்டி வந்தது. யூலையில் கண்டி நகரத்துத் தமிழ்க் கடைகளும் எரிந்தன. 1998 ஜனவரி 25 இல் புலிகள் தலதா மாளிகை வாசலில் லொறிக் குண்டு வெடிக்க வைத்தார்கள். கும்பிட வந்த இடத்தில் சாதாரண சனம் செத்தது. எங்கட யாகப்பர் கோயிலில் 1993 நவம்பர் 13 விமானக் குண்டு விழுந்தது. நாங்கள் பிறக்க முந்தின கதை எண்டாலும், குருநகரில் அதைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை இல்லை. அதனால்தான் மாளிகை வாசலில் நிற்கிற ஒரு சிங்களக் கிழவிக்கு அந்த ஜனவரி என்னவாக இருந்திருக்கும் எண்டதை விளங்கிக்கொள்ள எங்களுக்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை.

அந்தக் காலத்தில் தெற்கே போன எங்கட அப்பா, மாமாமாருக்கு லொட்ஜ் பதிவுப் புத்தகம் எண்டால் பயம். பேர், ஊர், ஐசி நம்பர், வந்த காரணம். இரவில் கதவு தட்டினால் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் தட்டுவார்கள். 2007 யூன் 7 விடியப்புறம், கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரை பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்த உத்தரவு போட்டது. காரணம் இல்லாமல் லொட்ஜில் தங்கக்கூடாது எண்டதுதான் அன்றைக்குச் சொல்லப்பட்ட நியாயம். ஏ9 இல் முகமாலையிலும் ஓமந்தையிலும் இரண்டு தரப்புக்கும் கடதாசி காட்டிப் போனதும் இதே காலத்தில்தான். களிமண் முத்திரை கடதாசியாக மாறியிருந்தது, அவ்வளவுதான்.

அப்ப எங்கை தங்கிறது?

முதல் தரம் போறவர்களுக்கு எங்கட சிபாரிசு, மாளிகையிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு சாதாரண அறை. அதுதான் அரசர் காலத்து நகரம். விடிய வெள்ளணப் பஸ் சத்தம் வருமுன் எழும்பினால், மகுல் மடுவவையும் நாத, பத்தினி தேவாலயங்களையும் நடந்தே பார்க்கலாம். கொஞ்சம் தள்ளிப் போனால் கட்டுக்கலைச் செல்வ விநாயகர் கோயில் மணியும் கேட்கும்.

காசு குறைவு, அமைதி வேணும் எண்டால் வாவியின் தெற்குப் பக்கம் சரணங்கர வீதியில் சின்னச் சின்ன விருந்தினர் வீடுகள் இருக்கு. ஏற்றம் ஏறவேணும், கடற்கரையில் நடந்து பழகின காலுக்கு முதல் நாள் நோகும். படிக்கிற ஆக்கள், பூங்காவும் வளாகமும் பார்க்கவேணும் எண்டால் பேராதனைப் பக்கம். பெரஹெரா நாட்களில் விலை எகிறும், மாதக்கணக்குக்கு முந்தியே அறை பிடிக்கவேணும்.

துரை பங்களாவில் தங்கவேண்டாம் எண்டு நாங்கள் சொல்லேல்லை. தங்கினால் ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்கும் ஒருக்கால் போங்கோ. போற வழியில் லயன் பக்கம் ஆரும் கதைத்தால் நின்று கதையுங்கோ. நாங்கள் பேசுற தமிழும் அவர்கள் பேசுற தமிழும் ஒரே மொழிதானா எண்டு கொஞ்ச நேரம் சிரிக்கலாம். பிறகு, அவர்கள் எங்கே தங்குகிறார்கள் எண்டதையும் பாருங்கோ.

எங்கட பக்கம் ஊர்ப்பேரே ஆறுகால்மடம், ஓட்டுமடம், கந்தர்மடம். வழிப்போக்கன் இளைப்பாறக் கட்டின மடங்களின் பேர். சிங்களத்தில் அதற்கு அம்பலம எண்டு சொல்லுகிறார்கள், எங்கட அம்பலம்தான் அது. கண்டிக்குப் போற பழைய பாதைகளில் இன்னும் சில அம்பலம நிற்கின்றன. நாலு தூண், ஒரு கூரை, கதவே கிடையாது. முள்ளுக் கடவை போட்ட அதே நாட்டில்தான் அதையும் கட்டினார்கள்.